எட்டாவது வரி

ஏழு வரி எழுதியாகிவிட்டது, எட்டாவதில் பேனாவை வைத்து வைத்து எடுத்ததில் ஒரு நீலப் புள்ளி விழுந்திருக்கிறது, இனி அதை ஏதாவது ஓர் எழுத்தின் தலையில் கட்டியாக வேண்டும். மணி பத்து இருபது. என் எண் பதினொன்று, உள்ளே ஒன்பது பாடிக்கொண்டிருக்கிறது, ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் எனக்கு இருபது நிமிடம், ஒன்பதாம் எண் தொண்டை கட்டி நடுவிலேயே வெளியே வந்துவிட்டால் அதுவும் இல்லை. வானொலி நிலையத்தில் இந்தக் கூடத்துக்கு நான் புதுசு இல்லை. மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தடவை கிறுக்கென்று சொல்லும், தண்ணீர் கேனுக்கு மேல் கவிழ்த்திருக்கும் டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள், குரல் தேர்வுக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உதட்டுக்குள் முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வாய் அசையும், சத்தம் வராது, நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிற கூட்டம் மாதிரி. மூன்றாவது தடவை வந்திருக்கிறேன். படிவமும் அதேதான்: பாடத் தயாராக இருக்கும் எட்டு ராகங்களை எழுதுக, ராகத்துக்கு ஒரு பாட்டு, எட்டில் ஒன்றாவது ஏழு சுரமும் உள்ள ராகமாக இருக்க வேண்டும். வேறொரு அறையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் வழியாகக் கேட்கிறவர்கள் அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள், அதைப் பாட வேண்டும். அவர்களுக்கு நம் பெயர் தெரியாது, முகம் தெரியாது, எண் மட்டும்தான். முகம் தெரியாத மனுஷனிடம் பொய் சொல்வது சுலபம் என்று நினைத்துத்தான் இந்தப் பட்டியலைப் போட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இந்தத் தடவையும் இல்லை என்றால் பாட்டை விட்டுவிடுகிறேன் என்று. அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சரிம்மா தமயந்தி என்றார். அந்தச் சரியில் கொஞ்சம் நிம்மதி இருந்தது, அதை நான் கேட்டிருக்க வேண்டாம். எங்கள் ஊர் மணப்பாறையிலேயே ஒரு மழலையர் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறார், திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டியதுதான். அங்கே பாட்டை ஸ்பீக்கர் பாடிவிடுமாம், நான் முன்னால் நின்று கையை ஆட்டினால் போதுமாம்.

ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி, ஆபோகி, ரஞ்சனி, வசந்தா, லலிதா, சுநாதவினோதினி. அழகான பட்டியல். வசந்தாவும் லலிதாவும் ஒட்டிப் பிறந்தவர்கள், ஒரே பட்டியலில் இரண்டையும் எழுதுகிறவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று காது உள்ளவன் எவனும் கண்டுபிடித்துவிடுவான். இந்த ஏழுக்கும் ஒரே ஒரு ஒற்றுமை, ஒன்றிலும் பஞ்சமம் கிடையாது. ச ரி க ம என்று வந்து அடுத்த படியில் காலை வைக்காமல் தாண்டிப் போகிற ராகங்கள். தாண்டித்தான் ஆக வேண்டும், என்னிடம் அந்தப் படி இல்லை. ச இருக்கிறது, ரி க ம இருக்கிறது, மேலே த நி கூட ஒரு மாதிரி இருக்கிறது, நடுவில் ப இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. வாயைத் திறந்தால் காற்று வரும், குரல் வராது. மற்ற சுரங்களை ஆட்டலாம், அசைக்கலாம், பக்கத்து சுரத்தின் தோளில் சாய்த்து ஒப்பேற்றலாம். பஞ்சமம் அப்படியில்லை, அது அசையாத சுரம், நேராக நின்றால்தான் அது பஞ்சமம். முதல் தடவை இங்கே வந்தபோது தைரியமாகக் கல்யாணி எழுதினேன், கேட்டார்கள், விழுந்தேன். இரண்டாவது தடவை பாதிக்குப் பாதி எழுதினேன், ப உள்ளதையே கேட்டார்கள். இந்தத் தடவை எட்டில் ஏழு. மிச்சம் எட்டில் ஒரு பங்கு பயம். மூன்று மாதம் உட்கார்ந்து பாட்டு தேர்ந்தெடுத்திருக்கிறேன், என் வாழ்க்கையில் பாட்டு தேர்ந்தெடுக்க இவ்வளவு பொறுமையாக நான் உட்கார்ந்ததே இல்லை, இந்தப் பொறுமை பதினேழு வயசில் வந்திருந்தால் என்று ஆரம்பித்தால் அப்புறம் அதற்கு முடிவே இருக்காது. டாக்டர் சொல்கிறார், குரல் நாணில் இருந்த வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது, அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் ஓட்டை ஏன் இருக்கிறது. சுருதியை ஐந்தரைக் கட்டையில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தவள் நாலரைக்கு இறக்கிப் பார்த்தேன். ஓட்டை தொண்டையில் இருந்திருந்தால் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், நான் இறங்கிய அளவுக்கு அது தைவதத்துக்குப் போயிருக்கும், பஞ்சமம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. அதுவும் என் கூடவே இறங்கி வந்து பஞ்சமத்தில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது, தொண்டையில் இல்லை என்றால் அதை எந்த டாக்டரிடம் காட்டுவது.

எட்டாவது வரிக்கு இரண்டே பேர்தான் வாசலில் நிற்கிறார்கள். ஒன்று தோடி, இன்னொன்று மாயாமாளவகௌளை. பெரியதிலும் பெரியது ஒன்று, குழந்தைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்று. சுகந்தி டீச்சர் இதைக் கேட்டால் சிரிக்கக்கூட மாட்டாள், கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை, கீழே மெஷின் ஓடினால் மேலே தரை லேசாக அதிரும், அந்த அதிர்வில்தான் நான் எல்லாப் பாட்டும் படித்தேன். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயசு இருந்தால் அதிகம், டீச்சர் என்பதைவிடக் கோபக்கார அக்கா. ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள், அதில் வரிசையாக முப்பத்திரண்டு பாட்டு, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்று அவளே போட்ட வரிசை. முப்பத்திரண்டாவதுதான் தோடி. நடுவில் ஒன்றைத் தாண்ட விடமாட்டாள், வீட்டில் விருந்தாளி வந்து பாடச் சொன்னால்கூட வரிசையில் முடித்த பாட்டைத்தான் பாட வேண்டும். நான் சேர்ந்தபோதே வேறு இடங்களில் சேர்ந்தவர்கள் கல்யாணி, பைரவி என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது நான் பத்தொன்பதாவது பாட்டில் இருந்தேன், நாலே வரி, குழந்தைகூடப் பாடிவிடும், அதை அவள் ஏழு வாரம் திருப்பித் திருப்பிப் பாட வைத்தாள். எனக்கு இது தெரியாதா, நான் என்ன மக்கா, என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவள் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு, "உன்னால முடியாதுன்னு நான் சொன்னேனா? இப்ப வேணாம்னுதான் சொல்றேன்" என்றாள். இப்ப என்ற சொல் அன்றைக்கு என் காதில் விழவே இல்லை, வேணாம் மட்டும்தான் விழுந்தது. அடுத்த மாதமே கிட்டு சார் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் தோடியை ஒன்பது நாளில் சொல்லிக்கொடுத்தார். சுகந்தி டீச்சரிடம் சொல்லிக்கொண்டு வரப் போனபோது திட்டுவாள் என்று தயாராகப் போனேன், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒன்பதாம் எண் வெளியே வந்துவிட்டது, பத்து உள்ளே போகிறது. ஒன்பதாம் எண் பையன் நெற்றி வேர்த்து வருகிறான், முகத்தைப் பார்த்தால் நன்றாகப் பாடியிருக்கிறான், நன்றாகப் பாடுகிறவர்களை எனக்கு உடனே தெரிந்துவிடும், உடனே பிடிக்காமலும் போய்விடும். தோடியை எழுதிவிடலாம். அதில் ஒரு வசதி இருக்கிறது, பஞ்சமத்தைத் தொடாமலே அரை மணி நேரம் சுற்றி வரலாம், அப்படிப் பாடுவதை ஒரு பெருமையாகவே பாராட்டுவார்கள், ஓட்டையை மறைக்க அதைவிடப் பெரிய போர்வை கிடையாது. ஆனால் என்னை ஓட்டையாக்கியதே அதுதானே. மாவட்டப் போட்டியில் பதினேழு வயசுப் பெண் தோடி பாடினாள் என்று கூட்டம் வாயைப் பிளந்தது, முதல் பரிசாக ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார்கள், அந்த விளக்கை ஏற்றி நாங்கள் சாமி கும்பிட்டதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது. அப்புறம் எந்தக் கோவில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும் அதையே கேட்டார்கள். குரல் எடுப்பாகத் தெரியட்டும் என்று கிட்டு சார் ஐந்திலிருந்து ஐந்தரைக்கு ஏற்றிவிட்டார், நானும் தலையாட்டினேன், ஏற்றச் சொன்னதே நான்தான் என்றும் ஞாபகம், யார் சொன்னது என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வருகிறது. சரணத்தில் மேலே போய் நின்று சுழன்று இறங்குகிற ஓர் இடம், அங்கே கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டலுக்காக ஜுரத்தோடு பாடினேன், மிளகுப் பால் குடித்துக்கொண்டு பாடினேன், தொண்டைக்குள் மணலைப் போட்டு அரைப்பதுபோல் இருந்த நாளிலும் பாடினேன். இரண்டு வருஷம். ஒரு பங்குனி உத்திரத்தன்று மேலே போய்விட்டுத் திரும்பி வந்தேன், பஞ்சமம் இருந்த இடத்தில் இல்லை. வயலின்காரர் அந்த இடத்தைத் தானே வாசித்து நிரப்பிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். நல்ல மனுஷர். பார்த்திருந்தால் நான் அங்கேயே எழுந்து போயிருப்பேன். அப்புறம் மூன்று மாதம் மௌனம், சிலேட்டில் எழுதிக் காட்டிச் சாப்பாடு கேட்டேன், அம்மா என்னிடம் பேசும்போது அவளும் மெதுவாகவே பேசினாள், எனக்குக் காது போய்விட்ட மாதிரி. மௌனம் முடிந்த அன்று அந்தப் பத்தொன்பதாவது பாட்டை எடுத்துப் பார்த்தேன், நாலு வரி, குழந்தைகூடப் பாடிவிடும். முதல் வரியே பஞ்சமத்தில் நாலு எண்ணிக்கை நிற்கிறது. பெரிய பாட்டில் ஒளிந்துகொள்ள எத்தனையோ சந்து பொந்து உண்டு, சின்னப் பாட்டில் நிற்க ஒரே இடம்தான், எல்லோரும் பார்க்கிற மாதிரி. இதைத்தான் ஏழு வாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா. சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரமாகிவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. பதினெட்டு வயசு இருக்கும், பன்னிரண்டாம் எண் சீட்டை வளையலுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறாள், மடியில் படிவம், அதிலும் ஏழு வரி நிரம்பியிருக்கிறது. அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், ல வுக்கு வால் கொஞ்சம் நீளமாக இழுக்கிற கை, முப்பத்திரண்டு பாட்டையும் எழுதிய கை. ஏழும் சின்னச் சின்ன ராகம், ஏழும் வரிசையில் உள்ளவை. யார்கிட்ட கத்துக்கறே என்று கேட்டேன், தெரிந்துகொண்டே கேட்டேன். சுகந்தி டீச்சரிடம் என்றாள், பெயர் யாமினி என்றாள். டீச்சர் ஏழு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு எட்டாவதை நீயே யோசித்து எழுது என்று சொல்லிவிட்டாளாம், இருபத்தாறாவது பாட்டில் இருக்கிறாளாம், இன்னும் ஆறு பாட்டு மிச்சமாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தோடி எழுதலாம்னு இருக்கேன்க்கா. யூடியூப்ல பாத்தே பாடம் பண்ணிட்டேன், டீச்சருக்குத் தெரியாது" என்றாள். அவளுக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. யாராவது அவசரப்பட்டால் டீச்சர் ஒரு அக்காவைச் சொல்லிப் பயமுறுத்துவாளாம், பத்தொன்பதில் நின்று போன அக்கா, பெயர் சொல்லமாட்டாளாம். "பாவம், அவங்க இப்ப பாடறதே இல்லியாம்" என்றாள். மின்விசிறி கிறுக்கென்றது. நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவள் என் படிவத்தை எட்டிப் பார்த்திருப்பாள், ஏழு ராகத்தையும் பார்த்திருப்பாள், பதினெட்டு வயசுக்கு அது புரியாமல் போகாது, டீச்சரிடம் போய்ச் சொல்லுவாள், டீச்சர் கிராம்பை மாற்றிக்கொள்வாள். படிவத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "எழுதாத. எழுதினா அதைத்தான் கேப்பாங்க" என்றேன். அவள் சிரித்தாள், என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற மரியாதையான சிரிப்பு. "கேக்கணும்னுதானக்கா எழுதறேன்" என்றாள். ஆறே ஆறு பாட்டுதானே, பொறுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பதின்மூன்று இருந்தது, அவளுக்கு ஆறு, கணக்கு என்னமோ அவள் பக்கம்தான் நல்லதாக இருக்கிறது, யாருக்குத் தெரியும், அவள் தொண்டை வேறு தொண்டையாக இருக்கலாம், ஒன்றும் ஆகாமலே போய்விடலாம். அப்படி ஒன்றும் ஆகாமல் போய்விட்டால் எனக்கு அது தாங்காது என்பதும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது. அவள் எட்டாவது வரியில் தோடி என்று எழுதினாள், தோ வை அழகாகச் சுழித்து எழுதினாள்.

பதினொன்று என்று கூப்பிட்டார்கள். படிவங்களை வாங்குகிற ஊழியர் வரிசையாக இரண்டு பேருடையதையும் ஒன்றாகக் கேட்டார், நான் நின்றவாக்கில் அந்த நீலப் புள்ளியிலிருந்து மாயாமாளவகௌளை என்று இழுத்து எழுதிக் கொடுத்தேன். ஏன் அதை எழுதினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவள் தோடி எழுதியதால் இருக்கலாம். பாடும் அறை எப்போதும்போல் ஐஸ் பெட்டிதான். வயலினும் மிருதங்கமும் தலையசைத்தார்கள், மின்தம்பூரா பஞ்சமத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியமத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், என் பட்டியலுக்கு அதுதான் சரி, யாரும் தப்பு சொல்ல முடியாது. வயலின்காரர் கையை நீட்டியபோது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், கொஞ்சம் இருங்கள் என்றது. அந்த அறையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது, யாரோ மெதுவாக ஏதோ சொன்னார்கள், பிறகு மறுபடியும் அதே குரல். கோபமான குரலாக இருந்திருந்தால் எனக்கு ஒத்தாசையாக இருந்திருக்கும். "லிஸ்டைப் பாத்தோம்மா. பாட்டு வேண்டாம். தம்பூரா அப்படியே இருக்கட்டும், ச ப ச மட்டும் நிதானமாப் பிடிங்க" என்றது. பிடித்தேன். ச என்னிடம் எப்போதும் இருப்பது, அது நன்றாகவே நின்றது, இவ்வளவு நன்றாக நின்று ரொம்ப நாளாகிவிட்டது, மிருதங்கக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது தம்பூராவில் போய்க்கொண்டே இருந்தது, என் காதுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது, அதைவிடத் தெளிவாக ஒரு சுரத்தை யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. வாயைத் திறந்து அதன் பக்கத்தில் போனேன். காற்று வந்தது. இன்னொரு தடவை பிடிங்க, அவசரமில்லை என்றார்கள். அவசரமில்லை. இன்னொரு தடவையும் காற்றுதான் வந்தது. நன்றிம்மா என்றார்கள்.

வெளியே வந்தபோது யாமினி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், தாவணியைச் சரிசெய்துகொண்டு, "என்னக்கா கேட்டாங்க?" என்றாள். முதல் நாள் பாடம் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன், "உங்க டீச்சர் சொல்ற அந்தப் பத்தொன்பது நான்தான்." சிரிப்பு அவள் முகத்திலேயே பாதியில் நின்றது, கண் மட்டும் என் தொண்டைக்குப் போனது, அங்கே ஏதோ தெரியும் என்பதுபோல. பிறகு ஊழியர் கையைப் பார்த்தாள். அவள் படிவம் எப்போதோ உள்ளே போய்விட்டது. பன்னிரண்டு என்று கூப்பிட்டார்கள், போனாள், கதவு மூடியது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மணப்பாறை பஸ் பதினொன்றே காலுக்கு. போயிருக்கலாம், உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பாடுவது வெளியே கேட்கக் கூடாது என்றுதான் அந்தக் கதவை அவ்வளவு தடிமனாகச் செய்திருக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை, மின்விசிறிதான் கேட்டது. ஆனால் என் வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது, சரணம் வந்தது, என் கை எங்கும் பிசகவில்லை, அந்தத் தோடிப் பாட்டு எனக்கு அவ்வளவு பாடம். மேலே போய் நின்று சுழல்கிற இடம் வந்தபோது கையை எடுத்துவிட்டேன்.